சபை காலனிக்கு வந்தபோது

எங்கள் ஜெபக்கூடத்துக்குச் சீல் வைத்த சனிக்கிழமை நான் கள்ளக்குறிச்சியில் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு தனியார் பள்ளியில் சமூக அறிவியல் டீச்சர் நான். மாலையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே சேதி காத்திருந்தது. யாரோ மனு கொடுத்திருக்கிறார்கள். வழிபாட்டுக்கு அனுமதி வாங்காத கட்டடம் என்று அதிகாரிகள் வந்து பூட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். கல்வராயன் மலை ஏறத் தொடங்கும் இடத்தில், மக்காச்சோளக் கொல்லை ஓரமாகத் தகரம் போட்டுக் கட்டிய சின்னக் கூடம் அது. காலனி ஜனங்கள் கூலி வேலைக்குப் போகாமல் நின்று மண் சுமந்து கட்டியது.

மறுநாள் வழக்கம்போல எல்லோரும் போய்க் கதவுக்கு முன்னால் நின்றோம். எங்கள் பாஸ்டர் திருக்கோவிலூர்ப் பக்கத்திலிருந்து ஊழியத்துக்கு வந்தவர். எங்கள் கல்யாணங்களை நடத்தியவர், எங்கள் பிணங்களுக்குத் தோள் கொடுத்தவர். நல்ல மனிதர். அன்று அவர் முகம் வெளுத்திருந்தது.

"யாரும் சத்தம் போடாதீங்க. கேஸ் போடலாம். அதுவரைக்கும் டவுன்ல இருக்கிற சபைக்குப் போங்க" என்றார்.

மரவள்ளிக் கிழங்கு பிடுங்கப் போகும் அத்தை ஒருத்தி முன்னால் வந்தாள். புருஷனை இழந்தவள். எங்கள் சபையில் அவளைவிடச் சத்தமாகப் பாட ஆளில்லை.

"பூட்டு இந்தக் கதவுக்குத்தான ஐயா போட்டாங்க? எங்க வூட்டுக்கா போட்டாங்க? அங்க வந்து ஜெபம் பண்ணுங்க" என்றாள்.

பாஸ்டர் பதில் சொல்வதற்குள் சபை மூப்பர் பேசினார். ஊர்த்தெருவில் கரும்பும் நெல்லும் பயிரிடும் குடும்பம் அவருடையது. அவர் அப்பா காலத்தில் விசுவாசத்துக்கு வந்தவர்கள். "காலனி வூடுங்கள்ல எடம் பத்தாது. நம்ம வூட்டுக்கு வாங்க" என்றார். மனு கொடுத்தவர்களே ஊர்த்தெருவில் இருக்கும்போது அப்படிச் சொல்லத் துணிச்சல் வேண்டும். நன்றியோடுதான் போனோம்.

அவர் வீட்டுக் கூடத்தில் நான்கு ஞாயிறு கூடினோம். முதல் வாரமே ஆராதனை முடிந்து டீ வந்தது. பாஸ்டருக்கும் மூப்பர் வீட்டாருக்கும் எவர்சில்வர் டம்ளரில் வந்தது. காலனியிலிருந்து போன எங்களுக்குப் பேப்பர் கப்பில் வந்தது. கழுவ ஆளில்லை போலிருக்கிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு குடித்தேன். நம் கதவு மூடியபோது தன் கதவைத் திறந்தவரிடம் போய் இதைக் கேட்பதா என்று வாயை மூடிக்கொண்டேன். அப்படிச் சும்மா இருந்ததற்காக இன்றைக்கும் எனக்கு என்மேல் கோபம் உண்டு.

அந்த வாரங்களில் பாஸ்டர் ஆதித் திருச்சபையைப் பற்றியே பிரசங்கித்தார். அவர்களுக்குக் கட்டடம் கிடையாது, வீடு வீடாகக் கூடி அப்பம் பிட்டார்கள், அடிபட்டார்கள், சிறையிலும் பாடினார்கள் என்றார். எல்லோரும் ஆமென் சொன்னோம். நான் வீட்டுக்கு வந்து வேதத்தில் அந்தப் பகுதிகளைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அவர் தாண்டிப் போன இடங்கள் கண்ணில் பட்டன. அந்தச் சபை ராஜாக்களோடு மட்டும் போராடவில்லை. பந்தியில் தங்கள் விதவைகளைக் கவனிப்பதில்லை என்று ஒரு சாராரிடமிருந்து முறையீடு எழுந்திருக்கிறது. சாப்பாட்டில்தான் அவர்களுக்கும் சண்டை வந்திருக்கிறது.

ஐந்தாவது வாரம் அத்தை பிடிவாதமாகத் தன் வீட்டுக்கு ஆராதனையைக் கேட்டு வாங்கினாள். வாசலில் பந்தல் போட்டோம். பாஸ்டர் வந்து நல்ல செய்தி கொடுத்தார். மூப்பர் வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை. சோறும் முருங்கைக்கீரைக் குழம்பும் தட்டில் போட்டு நீட்டியபோது பாஸ்டர், "இன்னிக்கி எனக்கு உபவாசம்மா" என்றார். அத்தை தட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனாள்.

அடுத்த வாரம் என் வீடு. அன்றும் உபவாசம் என்றார். எல்லோரும் சாப்பிட்டு முடித்தபின் நான் கடைக்குப் போக ஊர்த்தெரு வழியாக நடந்தேன். மூப்பர் வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே பாஸ்டர் இலை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவரும் என்னைப் பார்த்தார். பிசைந்த சோறு கையிலேயே நின்றது.

அதற்கடுத்த வாரம் காலனியில் இன்னொரு வீடு. தட்டு வந்ததும் அவர் மறுபடி "உபவாசம்" என்றார். நான் எழுந்து நின்றேன். சபையில் பாஸ்டரை ஒரு பெண் எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை.

"போன வாரமும் உபவாசம்னு சொன்னீங்க ஐயா. மூப்பர் வூட்டுல சாப்ட்டுக்கினு இருந்தீங்க. நான் பாத்தேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "டீச்சர், இது சபைக்குக் கஷ்ட காலம். கேசுக்கு அலையறது அவருதான். நான் இங்க சாப்ட்டேன்னு அவரு மனசு நொந்து வுட்டுட்டுப் போயிட்டா இன்னா பண்றது? ஒத்துமையா இருக்கணும்னுதான்."

"அந்தியோகியாவுல இன்னா நடந்துதுன்னு நீங்க எங்களுக்கு சொல்லவே இல்லையே ஐயா" என்றேன். பிறகு நானே சொன்னேன். முன்பு மீன் பிடித்துப் பிழைத்த, ஆதிச் சபையின் மூத்த சீஷர் அந்த ஊரில் வேற்று ஜாதியாரோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து தன் சொந்த ஜாதிக்காரர் சில பேர் வந்ததும் பயந்து எழுந்து விலகிக்கொண்டார். அவருக்குப் பின்னால் ஊழியத்துக்கு வந்தவர், கூடாரம் செய்து பிழைத்தவர், எல்லோருக்கும் முன்னால் வைத்து அவரைக் கேட்டுவிட்டார். "அப்பவும் கஷ்ட காலந்தான். ஒத்துமைன்னு சொல்லி யாரும் அத மூடி வெக்கல."

அத்தை அடுப்படியிலிருந்து வந்தாள். அவள் குரல் உயரவில்லை. "எம் புருஷன் பொணத்தத் தொட்டுத் தூக்குனீங்களே ஐயா. எங்க சோறு மட்டும் இன்னா பண்ணுச்சு?"

பாஸ்டர் பையை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறிப் போய்விட்டார். எங்கள் ஆட்களிலேயே சிலருக்கு என்மேல் கோபம். "சபைய ஒடச்சிட்டீங்க டீச்சர்" என்றார் ஒரு அண்ணன்.

"ஒடஞ்சிதான் கெடந்துது அண்ணே. நான் வாயத் தொறந்து சொன்னேன், அவ்ளோதான்" என்றேன். சொன்னதற்காக நான் வருந்தவில்லை.

அடுத்த இரண்டு ஞாயிறும் பாஸ்டர் வரவில்லை. நாங்களே பாடி, நாங்களே வாசித்து, நாங்களே ஜெபித்தோம். ஆதிச் சபையில் அந்த முறையீடு வந்தபோது, பந்தியைக் கவனிக்க ஏழு பேரை நியமித்தார்கள். அவர்கள் பெயர்களைப் பார்த்தால் குறை சொன்ன பக்கத்து ஆட்களாகத்தான் தெரிகிறது. நாங்களும் அப்படியே செய்தோம். எந்த வாரம் எந்த வீடு, பந்திக்கு என்ன சமைப்பது என்பதெல்லாம் இனி அத்தையும் இன்னொரு கூலிக்காரப் பெண்ணும் சொல்வதுதான் என்று முடிவு செய்தோம். ஒரு நாள் யாரோ ஒருவர் தெருமுனையில் நின்று செல்போனில் எங்களைப் படம் பிடித்தார். சிலர் பயந்து எழுந்தார்கள். அத்தை வெளியே போய், "வெயில்ல இன்னாத்துக்குப்பா நின்னுக்கினு கீற? உள்ள வந்து எடு. சாப்ட்டுட்டுப் போ" என்றாள். அவர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடந்தார். நாங்கள் விட்ட இடத்திலிருந்து பாடினோம்.

மூன்றாம் ஞாயிறு பாஸ்டர் வந்தார். முன்னால் போகாமல் கடைசிப் பாயில் உட்கார்ந்தார். அன்று நான்தான் வேதம் வாசித்தேன். பந்தி வைத்தபோது அவரே தட்டை நீட்டி, "எனக்கும் போடும்மா" என்றார். எல்லோர் முன்னாலும் சாப்பிட்டார். கை கழுவும்போது என்னிடம், "நீ கேட்டது சரிதாம்மா. எல்லார் முன்னாலயும் கேட்டதுதான் வலிக்குது" என்றார்.

"தனியாக் கேட்டிருந்தா தனியாவே மறந்துட்டு இருப்பீங்க ஐயா."

அவர் ஆமாம் என்பதுபோலத் தலையாட்டினார்.

மூப்பர் வரவில்லை. கேசுக்கு அலைவதையும் நிறுத்திவிட்டார். இப்போது நானும் காலனி ஆட்கள் இரண்டு பேரும் வாய்தாவுக்குப் போய் வருகிறோம். கேஸ் இன்னும் நடக்கிறது.

ஆனால் ஒரு ஞாயிறு, நல்ல உச்சிவெயிலில், மூப்பரின் மனைவி ஊர்த்தெருவிலிருந்து தனியாக நடந்து வந்தார். வழியெல்லாம் ஆட்கள் பார்த்தார்கள். பந்தியில் அத்தைக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டார்.

அடுத்த வாரமும் வந்தார். வீட்டில் என்ன சொன்னார்கள் என்று தயங்கிக்கொண்டே கேட்டேன்.

"அங்க சாப்ட்டியான்னு கேட்டாரு. சாப்ட்டேன், ரெண்டு தபா வாங்கி சாப்ட்டேன்னு சொன்னேன்" என்றார்.