கடமானுக்கு ஏற்ற தோட்டா

கச்சேரி ரோட்டில் ஒரு மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்திக்கொண்டிருந்தார் ஸ்தனிஸ்லாஸ் மாஸ்டர். ஒல்லியான உடம்பு, சலவை கலையாத சட்டை, யார் எதைக் கேட்டாலும் முதலில் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கிற சுபாவம். சாந்தோமில் அவர் வீட்டுக் கூடத்துச் சுவரில் ஒரு ரைபிள் மாட்டியிருந்தது. லைசென்ஸ் அவர் பெயரில். அதனால் அவர் பெரிய வேட்டைக்காரர் என்று சர்ச்சுக்கு வருகிற பங்கு மக்களிடையே ஒரு பேச்சு. அவர் அதை ஒப்புக்கொண்டதும் இல்லை, மறுத்ததும் இல்லை.

சுடத் தெரிந்தவள் அவர் மனைவி வெரோனிகா. அவள் அப்பா ஆனைமலைக் காட்டில் ரேஞ்சராக இருந்தவர். மகளைக் கூடவே காட்டுக்கு அழைத்துப் போய்ச் சுடக் கற்றுக்கொடுத்திருந்தார். கல்யாணமாகிச் சாந்தோமுக்கு வந்தபின் அவளுக்குத் துப்பாக்கியோடு இருந்த உறவெல்லாம் எண்ணெய் போட்டுத் துடைப்பதுதான். கூடத்துச் சுவரில் இருந்ததும் அப்பா இறந்தபோது அவளிடம் வந்த துப்பாக்கிதான். மற்றபடி பீடத்துக்கு விரிக்கும் துணிகளில் பூவேலை செய்துகொண்டு நிம்மதியாக இருந்தாள்.

சுதந்திரம் வந்த மறுவருஷம், கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வென்ட் காலம் தொடங்கும் முன்பு, அவள் தம்பி அகஸ்டின் வால்பாறைப் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து எழுதியிருந்தான். எல்க் இறங்கி வந்து தொழிலாளர்களின் காய்கறிப் பாத்திகளை மிதித்து நாசம் செய்கிறது. ஒன்றைச் சுட எஸ்டேட்டுக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. அக்காள் வந்து சுட்டுக்கொடுத்தால் கிறிஸ்துமஸுக்குத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் எல்லோருக்கும் கறி.

வெரோனிகாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. வீட்டில் இருந்த தோட்டாக்களோ பழசு. புதுசு வாங்குகிற வேலையை மாஸ்டர் தானே முன்வந்து ஏற்றுக்கொண்டார். நேரே நூலகத்துக்குப் போய் விலங்குகளைப் பற்றிய ஒரு தடிமனான புத்தகத்தை எடுத்து 'எல்க்' என்ற சொல்லைத் தேடினார். குதிரையை விட உயரம். முறம் முறமாகக் கொம்பு. எடையோ ஒரு மாட்டு வண்டிப் பாரம்.

மவுன்ட் ரோட்டுத் துப்பாக்கிக் கடையில் மெஹபூப் அலி என்பவர் வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாடி நரைத்த, பதற்றமே இல்லாத மனிதர்.

"எல்க்குக்குத் தோட்டா வேணும்" என்றார் மாஸ்டர்.

"எல்க்கா? நம்ம பக்கத்துல ஏது மாஸ்டர்?"

"ஆனைமலைல இருக்கு. குதிரை ஒசரம். கொம்பு மட்டும் ஆறடி அகலம்."

மெஹபூப் அலி தாடியைத் தடவினார். "நீங்க பாத்திருக்கீங்களா?"

"நல்லா தெரியும்" என்றார் மாஸ்டர். புத்தகத்தில் படம் பார்த்திருந்ததால் அது முழுப் பொய்யாக அவருக்குப் படவில்லை.

"அவ்ளோ பெரிசுன்னா ஈய மூக்கு வெச்சது வேணாம். குண்டு மேல முழுக்கத் தகடு போத்தினது கீது. செவுத்தையே தொளைச்சிட்டுப் போகும்."

"அதையே குடுங்க."

வீட்டில் வெரோனிகா பெட்டியைத் திறந்து ஒரு தோட்டாவை எடுத்தாள். விரலால் அதன் நுனியைத் தடவினாள். "இது யானைக்குல்ல போடுறது?"

"எல்க் சின்ன மிருகம்னு நெனைச்சியா?" என்று மாஸ்டர் படித்ததையெல்லாம் ஒப்பித்தார். கொம்பின் அகலத்தைக் காட்டக் கையை விரித்தபோது சுவரில் கை இடித்தது.

வெரோனிகா பூவேலைத் துணியை மடியிலிருந்து எடுத்து வைத்துவிட்டு, சிரித்து முடிக்கச் சற்று நேரம் எடுத்துக்கொண்டாள். "அது கடமானுங்க. தோட்டத்துத் துரைமாருங்க கடமானைத்தான் எல்க்னு சொல்லுவாங்க. அவங்க கூடவே இருந்து அகஸ்டினுக்கும் அந்தப் பேச்சு ஒட்டிக்கிச்சு."

மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். "அப்ப இது ஆகாதா?"

"இந்தப் பக்கம் பூந்து அந்தப் பக்கம் போயிடும், ஊசி மாதிரி. மான் ஓடிடும். எங்கயாவது பொதருக்குள்ள கெடந்து வலிச்சு வலிச்சுச் சாகும். நமக்குக் கறியும் இல்ல, அதுக்கு நிம்மதியும் இல்ல. ஈய மூக்குன்னா உள்ள போனதும் விரிஞ்சுக்கும். நின்ன எடத்துல விழும்."

மறுநாள் இரண்டு பேருமே கிளம்பினார்கள். டிராமுக்காக நின்றபோது, வண்டி கிட்டே வந்து நிற்கும் வரை அதன் பலகையைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "இது நம்ம வண்டிதானே?" என்று வெரோனிகா கேட்டாள். ஆமாம் என்று சொல்லி மாஸ்டர் ஏறிக்கொண்டார்.

கடையில் அவர் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிட்டார். "சுடப்போறது இவங்கதான். மிருகம் கடமான். நான்தான் வேற எதையோ படிச்சிட்டு வந்துட்டேன்."

"அதானே பாத்தேன்" என்றார் மெஹபூப் அலி, பழைய பெட்டியைத் திருப்பி வாங்கிக்கொண்டே. "நீங்க அவ்ளோ உறுதியா சொன்னீங்க, நானும் விட்டுட்டேன். உக்காருங்கம்மா."

ஈய மூக்குத் தோட்டாவில் மூன்று பெட்டிகளை மேஜையில் வைத்தார். ஒன்று உலகச் சண்டைக்கு முந்தைய சரக்கு. குண்டு கனமானது. இன்னொன்று அதே கனம், புதிதாகக் கப்பலில் வந்தது. மூன்றாவதும் புதுசுதான், ஆனால் குண்டு லேசு, பாய்ச்சல் அதிகம்.

வெரோனிகா பழைய பெட்டியிலிருந்து சிலவற்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினாள். பித்தளைக் கழுத்தில் பச்சை பூத்திருந்தது.

"கடல் காத்தும்மா" என்றார் மெஹபூப் அலி. "இந்த ஊர்ல பித்தளைக்கு ஆயுசு கம்மி. அத நானே உங்களுக்குக் குடுக்க மாட்டேன். லேசு குண்டு எடுத்துக்கிறீங்களா? தூரத்துக்கு நேராப் போகும்."

"எங்க சோலைல தூரம் ஏதுங்க பாய்? எல்லாம் எலைக்குள்ளதான். கிட்டக்க வரும், நல்லா அடிச்சு நிறுத்தணும்."

"அப்ப கனம்தான். எங்க மாமூ சொல்லுவாரு, துப்பாக்கி பழகின எடைய மாத்தாதேன்னு."

இரண்டு பேருக்கும் ஒத்துப்போனது. கனமான புதுச் சரக்கில் ஒரு பெட்டி சுட்டுப் பார்க்க, ஒரு பெட்டி காட்டுக்கு.

சுட்டுப் பார்க்க இடம் கொடுத்தவர் பல்லாவரத்துக் கல்குவாரியில் மேஸ்திரியாக இருந்த கோதண்டபாணி. அவர் மகள் மாஸ்டரிடம் டைப்ரைட்டிங் படித்தவள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் போனார்கள். குவாரியில் வேலை இல்லை. பாறைச் சுவருக்கு முன்னால் தார் பூசிய பலகையை நட்டு, சுண்ணாம்பால் வட்டம் போட்டிருந்தார் மேஸ்திரி.

"இன்னா மாஸ்டர், அம்மாவா சுடப் போறாங்கோ?"

"அவங்கதான்."

"சோக்கா கீது" என்று சொல்லிவிட்டு அவர் இரண்டு பேருக்கும் பின்னால் போய் நின்றுகொண்டார்.

வெரோனிகா கல்லின்மேல் சாக்கு மூட்டையை வைத்து, அதன்மேல் துப்பாக்கியைச் சாய்த்துச் சுட்டாள். போய்ப் பார்த்தால் துளைகள் பலகையின் நாலு மூலையிலும் இருந்தன. மறுபடி சுட்டாள். அதே கதை. ஒரு குண்டு பலகையிலேயே படவில்லை.

"மருந்து ஒரே அளவா போடல" என்றாள். "இது சரியில்ல. லேசு குண்டையே பாத்திருக்கணும். போய் மாத்திடலாம்."

மாஸ்டர் பலகையைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். குறி வைக்கும்போது அவள் முகம் சுருங்கிப் போவதைக் கவனித்திருந்தார். டிராம் பலகை அவருக்கு நினைவு வந்தது.

"வெரோனி, இங்கருந்து பாத்துச் சொல்லு. அதுல எத்தனை வட்டம் போட்டிருக்காரு?"

"ஒண்ணு."

"ரெண்டும்மா. உள்ள சின்னதா ஒண்ணு கீது" என்றார் பின்னாலிருந்து கோதண்டபாணி.

வெரோனிகா துப்பாக்கியைப் பெட்டிக்குள் வைத்தாள். பாதி தூரம் வந்தபிறகு பஸ்ஸில் சொன்னாள். "எங்கப்பா கடைசி வரைக்கும் கண்ணாடி போட்டதில்ல."

"உங்கப்பா பீடத் துணில பூ போட்டாரா? வருஷக்கணக்கா கண்ணுகிட்டயே வெச்சுப் பாத்துட்டிருக்க. தோட்டா மேல பழி போடாத."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆனால் லஸ்ஸில் கண்ணாடிக் கடைக்கு அவர் கூப்பிட்டபோது மறுக்காமல் வந்தாள்.

கண்ணாடி தயாரான அன்று கடைப் படியிலேயே நின்றுவிட்டாள். எதிர்ச் சாரியில் ஒரு வேப்பமரம். "இலை இலையா தெரியுதுங்க" என்றாள். கொஞ்ச நேரம் அவர் அவளை அவசரப்படுத்தவில்லை. அடுத்த ஞாயிறு பல்லாவரத்தில் சின்ன வட்டத்துக்குள் துளைகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு விழுந்தன. அதே பெட்டி, அதே தோட்டா.

இன்ஸ்டிட்யூட்டைப் பூட்டிவிட்டு, போத்தனூரில் ரயில் மாறிப் பொள்ளாச்சி போய், அங்கிருந்து பஸ்ஸில் மலை ஏறினார்கள். மாஸ்டர் வழியெல்லாம் வாந்தி எடுத்தார். முதல் நாள் சாயங்காலம் சதுப்பு ஓரத்தில் ஓர் ஆண் கடமான் வந்தது. பக்கத்திலேயே பெட்டை நின்றது. நடுவில் கோரைப் புல் மறைத்தது. வெரோனிகா துப்பாக்கியைத் தூக்கவே இல்லை. அகஸ்டின் பல்லைக் கடித்துக்கொண்டான்.

மறுநாள் விடிகாலைப் பனி விலகும்போது அது தனியாக வந்தது. மாஸ்டர் அப்போதுதான் கடமானை மறைப்பில்லாமல் முழுசாகப் பார்த்தார். குதிரை உயரம் இல்லை. ஆனாலும் ஈரம் சொட்டும் பிடரியோடு அது தலை நிமிர்ந்தபோது அவருக்குப் புத்தகத்துப் படம் மறந்துபோனது. அது பக்கவாட்டில் திரும்பும் வரை வெரோனிகா காத்திருந்தாள். ஒரு சத்தம். இரண்டு எட்டு வைத்து, முழங்கால் மடித்து, அங்கேயே சாய்ந்தது. அவள் கிட்டே போய் அதன் கழுத்தில் கையை வைத்து, உதட்டுக்குள் ஒரு ஜெபம் சொன்னாள். மாஸ்டரும் தொப்பியைக் கழற்றினார்.

லயத்தில் ஒவ்வொரு வீட்டிலும் கறி வெந்தது. அகஸ்டின் வீட்டில் மிளகு தூக்கலாகப் போட்டு வறுத்தார்கள். மாஸ்டர் மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு அடுப்போரத்திலேயே தூங்கிப்போனார்.

மிச்சத்தை உப்புக்கண்டம் போட்டுக் கொண்டுவந்தார்கள். ஹலால் இல்லாத கறியை மெஹபூப் அலி சாப்பிட மாட்டார் என்பதால் அவருக்கு எஸ்டேட் ஏலக்காய். அவர் ஒன்றை உடைத்து வாயில் போட்டுக்கொண்டு, மான் எங்கே விழுந்தது, எப்படி விழுந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். கோதண்டபாணிக்கு உப்புக்கண்டத்தில் பெரிய பங்கு போனது. அவர் அதை மோந்து பார்த்து, வளைத்துப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, செருப்புத் தோலு மாதிரி கீது?"

"ராத்திரியே ஊறப் போட்டுடுங்க" என்றாள் வெரோனிகா. "காலைல தண்ணிய மாத்திட்டு வறுங்க. எண்ணெய் கொஞ்சம் தாராளமா விடுங்க."