ஆயுனைக் கூப்பிட்ட குரல்

நம்புகிறவர்கள் நம்புங்கள், மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள். போன ஜூன் மாதம், பட்டப்பகலில், என் கண்ணெதிரே நடந்தது இது.

நானும் என் ஆறு வயது மகள் தாவ்தாவும் ஷாங்காயில் பஸ் பிடித்து, சூச்சோவுக்குத் தெற்கே ஒரு கால்வாய் ஊருக்குப் போயிருந்தோம். காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புகிற பயணம்தான். மதியம் தூறல் பிடித்துக்கொண்டது. கூட்டம் முழுக்கப் பெரிய பாலத்தில் படம் எடுத்துக்கொண்டிருக்க, நாங்கள் பின்பக்கப் படித்துறைக்கு வந்துவிட்டோம்.

மணி 2:10. எதிர்க்கரையில், மூடிய ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல்.

"ஆயுன்... வீட்டுக்கு வாடி..."

எங்களுக்கு இது புதிதில்லை. பிள்ளை பயந்துபோய்க் காய்ச்சலில் கிடந்தால், அதன் உயிர் எங்கோ வழி தவறி நிற்கிறது என்று அர்த்தம். அம்மா பேர் சொல்லிக் கூப்பிடுவாள். பிள்ளைக்காக அந்த வீட்டில் யாராவது "வந்துட்டேன்" என்று பதில் சொல்ல வேண்டும்; வெளியாள் சொல்லக் கூடாது. முந்தின மாதம் தாவ்தாவுக்குக் காய்ச்சல் வந்தபோது நானே கூப்பிட்டேன். தாவ்தாவே கட்டிலிலிருந்து கத்தினாள். அவளுக்கு அது ஒரு விளையாட்டு.

குரல் மூன்று முறை கூப்பிட்டது. பதில் இல்லை.

"ஏம்மா யாருமே சொல்லல? பாவம்ல?"

நான் அவள் வாயைப் பொத்துவதற்குள் கத்திவிட்டாள்.

"வந்துட்டேன்!"

குரல் நின்றது. என் கைக்குள் இருந்த அவள் கை சில்லிட்டது. மழைக்குளிர் என்று நினைத்துக்கொண்டேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்!

2:25. பான் அக்கா என்பவரின் கடையில் தாமரை விதை வாங்கினேன். கசக்கும் என்று என் மகள் அதைத் தொடவே மாட்டாள். இப்போதோ ஒவ்வொன்றாகப் பிளந்து, உள்ளே இருந்த கசப்பான பச்சைக் குருத்தை நகத்தால் கிள்ளி எறிந்துவிட்டு, அந்த ஊர்ப் பிள்ளை மாதிரி தின்றாள்...

பான் அக்கா அவளையே பார்த்தார்.

"எந்தப் படித்துறையில நின்னீங்க?"

கையைக் காட்டினேன். அவர் முகம் வெளிறிவிட்டது.

"புள்ள பதில் குடுத்துச்சா?"

"ஆமாக்கா..."

"ஓடு தங்கச்சி! அங்கயே நின்னு உன் புள்ளையக் கூப்பிடு!"

"தாவ்தாவ், வாடி!"

அவள் திரும்பவில்லை. தூக்கிக்கொண்டு ஓடினேன்.

2:40. படித்துறை. அவளை இறக்கி, கையை இறுக்கிப் பிடித்தேன்.

"தாவ்தாவ்... வீட்டுக்கு வாடி..."

பக்கத்தில் நின்றவள் வாய் திறக்கவில்லை.

மறுபடி கூப்பிட்டேன்.

சிரித்தாள்.

மூன்றாம் முறை...

"வந்துட்டேன்ம்மா..."

என் மகளின் குரல்.

அந்த ஜன்னலிலிருந்து.

"அம்மா, பசிக்குது," என்றாள் பக்கத்தில் நின்றவள். கை சூடாக இருந்தது. வீடு வந்து சேரும்வரை அந்தக் கையை விடவில்லை. அதன்பிறகு காய்ச்சல் இல்லை, கெட்ட கனவு இல்லை. பிழைத்தோம் என்றுதான் நினைத்திருந்தேன்.

அன்று கிளம்பும்போது என் நம்பரை வாங்கி வைத்துக்கொண்ட பான் அக்காவின் போன் இன்று காலை 6:50க்கு வந்தது.

"ஆயுன் தண்ணியில போயி அம்பது வருஷம். அவ அம்மா செத்தே முப்பது வருஷம் ஆச்சு. ஆனா தூறல் விழுந்தா கூப்பிடுவா. கல்யாணமாகி வந்ததுலேர்ந்து கேக்கறேன்."

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நீங்க போனப்புறம் எத்தனையோ மழை பெஞ்சிடுச்சு, தங்கச்சி... அவ கூப்பிடவே இல்ல."

பள்ளிக்கு நேரமாகிவிட்டது. உள்ளறையில் படுத்திருப்பவளைப் பேர் சொல்லி எழுப்ப எனக்குத் தைரியம் வரவில்லை.