போனில் இருந்த அம்மாவுக்கு ஒரு தட்டு அவல்

சபையாருக்கு என் அன்பு. நான் பெரிய விசுவாசி என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். ஜெபத்தில் உட்கார்ந்தால் பாதியில் அடுப்பு ஞாபகம் வந்துவிடும். ஆனாலும் என் ஆண்டவர் எனக்குச் செய்ததை வாய் திறந்து சொல்லாவிட்டால் நான் நன்றி கெட்டவள். நடுவில் அழுதால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்குப் பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். கொழும்புக்கு வேலைக்குப் போன என் வீட்டுக்காரர் அங்கேயே வேறு குடும்பம் ஆக்கிக்கொண்டார். மகள் கெசியாவுக்கு அப்போது இரண்டு வயது. அவளை என் அக்கா மேரியிடம் விட்டுவிட்டு நான் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனேன். அக்காவுக்குப் பிள்ளை இல்லை. காலையில் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்து, கொழுந்து பறித்து, களைத்து வந்து, அதற்குப் பிறகும் என் பிள்ளையைக் குளிப்பாட்டிச் சோறூட்டியவள் அவள்தான்.

இரண்டு வருடத்தில் வருவதாகச் சொல்லிப் போனேன். என்னை வேலைக்கு வைத்திருந்த வீட்டுக்காரர்கள் பாஸ்போர்ட்டைக் கொடுக்கவில்லை. நாலாவது வருடமும் வந்துவிட்டது. அங்கே குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தண்ணீரைத் திறந்துவிட்டு, சத்தம் கேட்காமல் ஜெபித்திருக்கிறேன். போன வருடம் தைப்பொங்கல் கழிந்து ஒரு நாள் அவர்களாகவே பாஸ்போர்ட்டை மேசையில் வைத்தார்கள். நான் கேட்கக்கூட இல்லை. ஆண்டவர் கேட்டுவிட்டார் என்று விமானத்தில் அழுதபடியே வந்தேன்.

எங்கள் லயத்து வீட்டு வாசலில் இறங்கியபோது கெசியா கதவோரம் நின்றாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். "வாங்க, உக்காருங்க" என்றாள். பிறகு உள்ளே திரும்பி, "பெரியம்மா, அவங்க வந்துட்டாங்க" என்றாள்.

விருந்தாளியைக் கூப்பிடுவது போல என் பிள்ளை என்னைக் கூப்பிட்டாள். சிரித்துக்கொண்டேன். இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

ஆகவில்லை. எங்கள் லயத்தில் போனுக்கு சிக்னல் கிடையாது. சபைக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் ஏறினால்தான் ஒழுங்காகக் கிடைக்கும். அத்தனை வருடமும் அக்கா ஞாயிறு தோறும் கெசியாவை அந்த மேட்டுக்குக் கூட்டிப்போய் என்னோடு வீடியோவில் பேச வைத்தாள். நான் அனுப்பிய குரல் மெசேஜ்களை அங்கேயே போனில் இறக்கிக்கொண்டு வந்து, வார நாளில் வீட்டில் போட்டுக் கேட்கவைப்பாள். என் பிள்ளைக்கு அம்மா என்றால் அந்தப் போன்தான். அந்த அம்மா எப்போதும் சிரிப்பாள். தலையில் துணி கட்டி, நல்ல வெளிச்சத்தில் அழகாக இருப்பாள். திட்ட மாட்டாள். வந்து இறங்கியவளோ முன்தலை முடி கொட்டி, வேலை செய்து கறுத்து, ஈரத் தலையோடு விளையாடாதே என்று அதட்டுகிறவள்.

ஒரு சாயங்காலம் நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். படுக்கிற காம்பராவுக்குள்ளிருந்து என் குரல் கேட்டது. "கெசியா குட்டி, சாப்பிட்டியா தங்கம்? அம்மா சீக்கிரம் வந்துருவேன்." எட்டிப் பார்த்தேன். அக்காவின் போனைக் காதோடு ஒட்டிக்கொண்டு படுத்திருந்தாள். ஒரு மெசேஜ் முடிந்ததும் அடுத்தது. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, "அது நான்தான்டா" என்றேன். "அது வேற" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

நான் செய்த பைத்தியக்காரத்தனத்தையும் சொல்கிறேன். கதவுக்கு அந்தப் பக்கம் நின்று, அதே வார்த்தைகளை அதே மாதிரி இழுத்துச் சொல்லிப் பார்த்தேன். என் குரலை நானே மிமிக்ரி செய்தேன். கெசியா அக்காவிடம் போய், "அவங்க ஏன் பெரியம்மா எங்கம்மா மாதிரியே பேசுறாங்க?" என்று கேட்டாள்.

அதைவிட ஒன்று என்னை உடைத்தது. பீலிக் குழாயில் தண்ணீர் பிடிக்கப் போகும் கல்படியில் கெசியா சறுக்கி விழுந்தாள். முழங்காலில் இரத்தம். நான் படிக்குக் கீழேயே நின்றேன். கையை நீட்டினேன். என் கைக்குக் கீழே குனிந்து ஓடி, அந்தக் கோடியில் துணி துவைத்துக்கொண்டிருந்த அக்காவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதாள். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

அன்றைக்கு எனக்கு ஆண்டவர் மேல் கோபம். "இதற்காகவா என்னைக் கூட்டி வந்தீர்? அங்கேயே விட்டிருந்தால் அவளுக்கு அம்மாவாவது இருந்திருப்பாளே" என்று கேட்டேன். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். சபைக்கும் இரண்டு வாரம் போகவில்லை.

போதகரம்மா தேடிக்கொண்டு வந்தார். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "புள்ள மனசு மாறணும்னு பொதுவாக் கேக்காதீங்க தங்கச்சி. உங்களுக்கு என்ன வேணும்னு பச்சையாக் கேளுங்க" என்றார்.

யோசித்தேன். அம்மா என்று கூப்பிடணும் என்று கேட்கலாம். அக்கா அதட்டினால் அப்படியும் கூப்பிடுவாள். அது எனக்கு வேண்டாம். "ஆண்டவரே, அவளுக்கு வலித்தால் என்னிடம் வர வேண்டும். ஒரே ஒரு தடவை என் மடியில் விழுந்து அழ வேண்டும்." இதைத்தான் கேட்டேன். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

மே மாதம் அன்னையர் தின ஞாயிறு வந்தது. எங்கள் சபையில் அன்றைக்கு ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் தங்கள் கையாலேயே சமைத்து அம்மாக்களுக்கு ஊட்டுவார்கள். பெரிய பிள்ளைகள் ரொட்டி சுட்டு, சம்பல் அரைப்பார்கள். சின்னவர்களை அடுப்பண்டை விடமாட்டார்கள். அவலை நனைத்து, தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுப் பிசைவார்கள். அன்று பின்பக்கக் குசினியிலிருந்து சிரிப்பும் சத்தமுமாக வந்தது. நான் மூன்றாவது பெஞ்சில், கொஞ்சம் சிக்னல் வரும் ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தேன். பிள்ளை எனக்குக் கொண்டு வருவாளா, அக்காவுக்குக் கொண்டு போவாளா என்ற பயத்தில் குசினிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா கடைசி பெஞ்சில் இருந்தாள். அவளுக்கும் அதே பயம் இருந்திருக்கும்.

பிள்ளைகள் தட்டோடு வரிசையாக வந்தார்கள். ஒவ்வொருவரும் அவரவர் அம்மா முன்னால் போய் நின்றார்கள். கெசியா என் பெஞ்சுக்கு வந்தாள். என்னைப் பார்த்தாள். தாண்டிப் போனாள்.

அக்காவிடம் போய், "பெரியம்மா, போனக் குடுங்க. அம்மாவுக்குக் காட்டணும்" என்றாள்.

போன வருடங்களிலும் அப்படித்தான் செய்திருக்கிறாள். தட்டை மேட்டுக்குக் கொண்டுபோய் எனக்குக் காட்டிவிட்டு, அதைத் தானே சாப்பிடுவாள். அது எனக்கும் தெரியும். குவைத்தில் அதைப் பார்த்து நானும் வாயைத் திறந்து காட்டியிருக்கிறேன்.

பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது. அக்கா எத்தனையோ தடவை, "அந்தா இருக்காங்க உங்கம்மா" என்று அவளை அதட்டியிருக்கிறாள். அன்றைக்கு அதட்டவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, போனை எடுத்து, என் நம்பரை வரவைத்து, பிள்ளை கையில் கொடுத்தாள். கெசியா பக்கக் கதவால் மேட்டுக்குப் போனாள்.

என் பைக்குள் போன் அடித்தது.

எடுக்கவா, வேண்டாமா? "ஆண்டவரே" என்று மட்டும் சொன்னேன். எடுத்தேன். திரையில் என் பிள்ளையின் முகம், முகம் முழுக்கச் சிரிப்பு. நாலு மாதமாக ஒரே கூரைக்குக் கீழே இருந்தும் நான் பார்க்காத சிரிப்பு.

"அம்மா, நா அவல் செஞ்சேன். இந்தா பாரு" என்று தட்டைக் காட்டினாள். பிறகு கண்ணைச் சுருக்கி, "நீ எங்க இருக்க? பின்னால எங்க சபை ஜன்னல் தெரியுது" என்றாள்.

"வந்துட்டேன்டா" என்றேன். பேசிக்கொண்டே எழுந்து பக்கக் கதவால் மேட்டுக்குப் போனேன். "அம்மா வந்துட்டேன்."

நிமிர்ந்து பார்த்தாள். போனைப் பார்த்தாள். மறுபடியும் என்னைப் பார்த்தாள். நான் கையை அசைத்தேன், போனிலும் கை அசைந்தது. ஓடி வந்து கட்டிக்கொள்வாள் என்று நீங்கள் நினைப்பீர்கள். அவள் முகம் கோணியது. தட்டை மண்ணில் வைத்தாள். அப்படி ஒரு அழுகை. பிணம் எடுக்கும் வீட்டில்தான் அப்படி அழுவார்கள். இனி போனில் யாரும் இல்லை என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் பின்னால் ஓடி வந்த அக்கா, பழக்கத்தில் இரண்டு கையையும் விரித்தாள். கெசியா அவளிடம் போகவில்லை. என் மடியில் வந்து விழுந்தாள். என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "எனக்கு அம்மா வேணும், அம்மா வேணும்" என்று என்னிடமே கேட்டு அழுதாள். என்னை இழந்துவிட்டு, என் மடியிலேயே என்னைத் தேடி அழுதாள். "ஆமாடா, ஆமாடா" என்று அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன்.

அழுது முடித்ததும் விக்கிக்கொண்டே ஒரு பிடி அவலை எடுத்து என் வாயில் வைத்தாள். ஊறிக் கூழாகிப் போயிருந்தது. நான் தின்றேன்.

அக்கா சபைக்குள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு ஒரு வாரம் எங்களோடு சரியாகப் பேசவில்லை. என் ஜெபம் கேட்கப்பட்ட அந்த இடத்தில் அவள் கை வெறுமையாகப் போனது. இன்றுவரை என் மனதை அறுப்பது அதுதான். இப்போது என் ஜெபத்தில் முதல் பேர் அவள் பேர். அடுத்த வீட்டுக்கு மாறிப் போகிறேன் என்றவளை நானும் கெசியாவும் விடவில்லை.

எல்லாம் ஒரே நாளில் மாறிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். சில நாள் கெசியா இன்னும் என்னை வேற்றாள் மாதிரி பார்க்கிறாள். ஆனால் விழுந்தால் என்னிடம் வருகிறாள். அது போதும்.

உங்களில் பல பேர் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போய் வந்தவர்கள். இப்போதும் சிலருடைய அம்மாக்கள் அங்கேதான் இருக்கிறார்கள். மூடி மறைக்காதீர்கள், கோபத்தோடு வேண்டுமானாலும் ஆண்டவரிடம் கேளுங்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். ஆனால் பதில் வரும்போது அது பதில் மாதிரியே இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அன்று அந்த மேட்டில் என் பிள்ளை மூச்சு முட்ட அழுதபோது, ஆண்டவர் என்னைத் தண்டிக்கிறார் என்றே நினைத்தேன். நான் கேட்டதைத்தான் அவர் என் மடியில் போட்டிருக்கிறார் என்று வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் புரிந்தது.