மூன்றாவது மாடியில் இன்டர்வியூ

நான் பி.எஸ்சி. அக்ரி படித்தவள். எங்கள் வீடு வியாசர்பாடியில், ஹவுசிங் போர்டு குடியிருப்பின் மூன்றாவது மாடியில். ஒரு செடி வைக்கலாம் என்றால் பால்கனியில் ஒரு ஜாண் இடம் இருந்தது. அதிலும் அம்மா தண்ணீர்க் குடத்தை வைத்திருந்தாள். இந்த வீட்டிலிருந்து எப்படி விவசாயம் படிக்கப் போனாய் என்று யாராவது கேட்டால் முறைத்துவிட்டுப் போய்விடுவேன். டாக்டருக்குப் படிக்க மார்க் போதவில்லை, இது கிடைத்தது, சேர்ந்தேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம். என் கூச்சம் எப்போதும் கோபமாகத்தான் வெளியே வரும்.

டிகிரி முடித்ததும் எம்.பி.ஏ.வுக்கு விண்ணப்பித்தேன். முதல் இன்டர்வியூ அந்தக் கோபத்தால்தான் ஊற்றிக்கொண்டது. விவசாயம் படித்துவிட்டு இங்கே எதற்கு வந்தாய் என்று கேட்டார்கள். இன்ஜினியர்களிடமும் இதைக் கேட்பீர்களா என்று திருப்பிக் கேட்டேன். அதோடு சரி.

இன்னொரு கல்லூரியிலிருந்து அழைப்பு வந்தபோது நைனா ஒரு முடிவோடு இருந்தார். அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். எண்ணூர் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறவர். நான் காலேஜில் சேர்ந்த அன்றே, மகள் அக்ரி ஆபீசர் ஆகப்போகிறாள் என்று டீக்கடையிலிருந்து துறைமுக கேட் வரைக்கும் சொல்லி வைத்துவிட்டார். எம்.பி.ஏ. என்றதும் அவர் முகம் தொங்கிப்போனது. "இந்த ஒரு தபா போயி பாரு. கெடைக்கலன்னா ஆபீசர் பரீட்சைக்குப் படி, இன்னா?" என்றார். சரி என்று ஒப்புக்கொண்டேன். ஆக, எனக்கு இருந்தது இந்த ஒரே இன்டர்வியூ.

என் தோஸ்து ஒருத்தி, வண்ணாரப்பேட்டையில் துணிக்கடை வைத்திருக்கும் வீட்டுப் பெண், பி.காம். முடித்தவள். சாயங்காலமானால் வந்து என்னைக் கேள்வி கேட்பாள். வீட்டுக்குள் இடமில்லாமல் வராந்தாவில் நாற்காலி போட்டோம். போர்டு வீட்டு வராந்தாவில் எதையும் ரகசியமாகச் செய்ய முடியாது. பக்கத்து வீட்டு அக்கா கீரையும் முறமுமாக வந்து உட்கார்ந்தார். ரெண்டே நாளில் அவரும் கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டார். நைனா உள்ளே டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, எதுவும் காதில் விழாதவர் போல உட்கார்ந்திருப்பார்.

ஒரு நாள் தோஸ்து, தக்காளி விலை ஏன் இப்படி ஏறி இறங்குகிறது என்று கேட்டாள். நான் யோசிக்கவே இல்லை. தக்காளியின் தாவரப் பெயர், குடும்பம், செடிக்குச் செடி இடைவெளி, எக்டருக்கு எவ்வளவு விதை என்று மூச்சு விடாமல் ஒப்பித்தேன். இது எங்கள் அக்ரிக்காரர்களுக்கே உரிய வியாதி. விடியற்காலையில் வயலில் நிறுத்தி, வாத்தியார் ஒரு பயிரைக் காட்டினால் இதைத்தான் சொல்ல வேண்டும். அதனால் பயிர் பெயர் காதில் விழுந்தாலே வாய் தானாகத் திறந்துகொள்ளும். கேட்ட கேள்வி அப்புறம்தான் மண்டையில் ஏறும். அக்கா முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

தோஸ்து சிரிக்கவில்லை. "படிச்சதெல்லாம் ஒப்பிக்கிற. நீ இன்னா பாத்தேன்னு சொல்லவே மாட்டேங்கிறடீ," என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. அவள் சொன்னது சரி என்பதால் இன்னும் கொஞ்சம் அதிகமாகவே வந்தது. இந்திய விவசாயி நாட்டின் முதுகெலும்பு என்று ஆரம்பிக்கும் ஒரு பதிலை உருப்போட்டு வைத்திருந்தேன். எனக்கு எத்தனை விவசாயிகளைத் தெரியும் என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். அந்தப் பதிலை அன்றோடு விட்டுவிட்டேன்.

இன்டர்வியூவில் மூன்று பேர் இருந்தார்கள். விவசாயம் படித்துவிட்டு இங்கே எதற்கு என்ற, எதிர்பார்த்த கேள்விதான் முதலில் வந்தது. இந்தத் தடவை முறைக்காமல், எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் உள்ளதைச் சொன்னேன். கிடைத்த சீட்டில் சேர்ந்தவள்தான் நான். காலேஜ் போகும்வரை மண்ணில் கை வைத்ததில்லை. அங்கே ஆளுக்கொரு துண்டு நிலம் கொடுத்து, விதைப்பதிலிருந்து அறுப்பது வரை நம் பொறுப்பில் விடுவார்கள். என் கொத்தவரை முளைத்த காலையில் நான் போட்ட கூச்சலைக் கேட்டு, கூடப் படித்த விவசாயி வீட்டுப் பிள்ளைகள் சிரித்தார்கள். விளைவிப்பது அவர்களுக்குப் புதிதில்லை. ஆனால் விளைந்தது ஊரைத் தாண்டியபின் எங்கே போய்க் காத்துக் கிடக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். பள்ளிக்கூட லீவில் நைனாவோடு டிரெய்லரில் ஏறி எண்ணூர் ரோட்டில் நின்றிருக்கிறேன். முன்னால் மிளகாய் ஏற்றிய வண்டி, பின்னால் வெங்காயம் ஏற்றிய வண்டி, நகரவே நகராத வரிசை. அந்தக் கன்டெய்னர் பெட்டிகளுக்குள் இருப்பதை விளைவித்தவர் யாரென்று எங்கள் பக்கம் ஒருத்தருக்கும் தெரியாது. இரண்டு பக்கத்தையும் பார்த்திருக்கிறேன், நடுவில் நின்று வேலை செய்ய இந்தப் படிப்பு வேண்டும் என்றேன்.

இந்த முறை கிடைக்காவிட்டால் என்ன செய்வாய் என்று ஒருவர் கேட்டார். அப்பாவிடம் ஒப்புக்கொண்டபடி அரசுப் பரீட்சைக்குப் படிப்பேன், படித்துக்கொண்டே இங்கேயும் மறுபடி விண்ணப்பிப்பேன் என்றேன். மூன்று பேரும் சிரித்தார்கள். அது எந்த மாதிரிச் சிரிப்பு என்று வீடு வந்து சேரும்வரை குழம்பிக்கொண்டே இருந்தேன்.

சீட் கிடைத்தது. அம்மா அழுதாள். தோஸ்து பிரியாணி வாங்கி வந்தாள். பக்கத்து வீட்டு அக்கா, கேள்வி கேட்டதில் தனக்கும் பங்குண்டு என்று மாடி மாடியாகச் சொல்லிவிட்டு வந்தார். எல்லாரும் போனபிறகு நைனா லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"எல்லார்கிட்டயும் ஆபீசர்னு சொல்லிகினு இருந்தேன். இனிமே எவனாவது கேட்டா இன்னான்னு சொல்றது?"

சொன்னேன். இன்டர்வியூவில் சொன்னதையே தமிழில், பொறுமையாகச் சொன்னேன். அவர் உதட்டுக்குள் முணுமுணுத்துப் பார்த்தார். பாதியில் மறந்துபோய் இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இப்ப நீ கேளு, நான் சொல்றேன். சரியா கீதான்னு பாரு," என்றார்.