இடம் மாறிய இரண்டு தட்டுகள்

ஆயுதபூசை என்றால் எனக்கு இன்றைக்கும் ஆகாது. சுண்டலைக் கையில் கொடுத்தால் வாங்கிக்கொள்வேன், வாயில் போட மாட்டேன். பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

திருத்தங்கலில் பெரியப்பாவுக்கு ஓர் அச்சகம் இருந்தது. அப்பா அதில் அச்சுக் கோர்த்தார். சொந்தத் தம்பி என்றுதான் பேர். மற்ற ஆட்களுக்கு விழும் திட்டு அவருக்குக் கூடுதலாகவே விழும். ஈய எழுத்துகள் குட்டிக் குட்டி அறைகள் தடுத்த மரத்தட்டுகளில் கிடக்கும். தட்டுகளை இழுப்பறை மாதிரி அலமாரியில் செருகி வைத்திருப்பார்கள். எந்தத் தட்டில், எந்த அறையில் எந்த எழுத்து என்று அப்பாவின் விரலுக்கு மனப்பாடம். யாராவது பக்கத்தில் வாசித்துச் சொல்ல, எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்பார். கை தானாகப் போய்ப் பொறுக்கிக்கொண்டு வரும். எனக்கு அதில் தலைகால் புரியாத பெருமை.

அந்த வருட ஆயுதபூசைக்குத் தட்டுகளை எல்லாம் வெளியே எடுத்துத் தூசி தட்டினார்கள். சந்தனம் குங்குமம் வைத்துத் திரும்பச் செருகும் வேலை எனக்கு. மூன்றாம் வகுப்புப் படித்தேன், பெரிய மனுஷி. இரண்டு தட்டுகளை இடம் மாற்றிச் செருகியிருக்கிறேன், எனக்கே தெரியாமல்.

மறுநாள் விஜயதசமி. பள்ளிக்கூடம் கிடையாது, அச்சகத்துக்குத்தான் போனேன். நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றின் விலைப்பட்டியலை அப்பா காலையிலேயே கோர்த்து முடித்திருந்தார். நாலு மணி பஸ்ஸில் அது மதுரைக்குப் போயாக வேண்டும். முதல் தாளை அடித்துப் பார்த்த பெரியப்பா அதை அப்பாவின் மூஞ்சிக்கு நேராக நீட்டினார். சரம் இருக்க வேண்டிய இடத்தில் சுரும் என்று இருந்தது. வரிக்கு வரி அதே கூத்து.

"என்னலே இது? நேத்துப் பூசையை முடிச்சிட்டு எங்கன போயி ஊத்திக்கிட்டு வந்த?"

அப்பா சாராயத்தைக் கையால் தொட்டவர் இல்லை. ஆனாலும் தலையைக் குனிந்துகொண்டு, "தப்புத்தான்ணே" என்றார். எனக்கு அழுகையாக வந்தது. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன!

"அம்புட்டையும் கலைச்சுப்போட்டு மறுபடி கோரு."

"கலைச்சா நேரம் பத்தாதுண்ணே. அப்படியே வச்சுச் சரி பண்ணிருதேன்."

பெரியப்பா சாப்பிடப் போன பிறகு அப்பா தட்டுகளைத் தடவிப் பார்த்தார். இரண்டையும் உருவி இடம் மாற்றிச் செருகினார். என் பக்கம் முகத்தைத் திருப்பினார். பிறகு, கோர்த்த பக்கத்தை இறுக்கியிருந்த கட்டைகளைக் கொஞ்சமாகத் தளர்த்தி, என் கையில் அந்தத் தாளைக் கொடுத்தார்.

"எது தப்பா இருக்குன்னு எண்ணிச் சொல்லு, தாயி."

"மூணாவது வரி, ஆறாவது எழுத்து" என்பேன். அவர் விரல் நுனியால் எண்ணிக்கொண்டே போய், ஊசியால் அந்த எழுத்தைக் கிளப்பிவிட்டுச் சரியானதை இறக்குவார். அது மெலிந்த எழுத்தாக இருந்தால் பக்கத்தில் சின்னத் தகடு ஒன்றைச் செருகுவார். இப்படியே பக்கம் முழுவதும். மறுபடி அடித்த தாளில் ஒரு பிழை இல்லை. மூன்று மணிதான் ஆகியிருந்தது.

பெரியப்பா தாளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே" என்றார். அந்த ஒரு சொல்லோடு நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பாழாய்ப்போன வாய்.

"பெரியப்பா, அப்பா எழுத்தைப் பாக்கவே இல்ல! நான் எண்ணிச் சொன்னேன், அப்பா தடவித் தடவியே அம்புட்டையும் மாத்துனாக!"

பெரியப்பா என்னைப் பார்த்தார். அப்புறம் அப்பாவைப் பார்த்தார். தட்டிலிருந்து ஓர் எழுத்தை எடுத்து நீட்டி, "இது என்ன எழுத்து?" என்றார். அப்பா கையை நீட்டினார். பெரியப்பா வெடுக்கென்று பின்னால் இழுத்துக்கொண்டார்.

"தொடாமச் சொல்லு."

அப்பா நீட்டிய கையை மெல்லக் கீழே இறக்கினார். பெரியப்பா அந்த விலைப்பட்டியலை நூற்றுக்கணக்கில் அடித்து, கட்டி, நாலு மணி பஸ்ஸில் ஏற்றினார். ஏற்றிவிட்டு வந்துதான், "நாளைலேருந்து வீட்லயே இரு" என்றார்.

அதற்கப்புறம் அப்பா வீட்டில் உட்கார்ந்து, அம்மாவோடும் என்னோடும் சேர்ந்து வெடிக்குக் காகிதக் குழாய் சுருட்டினார். அதற்குக் கண் வேண்டாம். பெரியப்பா எங்கள் தெரு வழியாகப் போகும்போதெல்லாம், "என்னப்பா, சாப்பிட்டாச்சா?" என்று அன்பாக விசாரிப்பார். அந்த அன்பை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

குடித்தாயா என்று கேட்டதற்கு இல்லை என்று ஏன் சொல்லவில்லை என அப்பாவோடு நான் இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். குடிகாரன் என்றால் நாலு நாள் திட்டிவிட்டு வேலைக்கு வைத்துக்கொள்வார்கள். அது தெரிந்துதான் அப்பா அந்தப் பெயரை வாங்கிக்கொண்டார். எட்டு வயதில் எனக்கு அது தெரியாது. அப்பாவுக்கு நல்ல பெயர் வாங்கித் தருகிறேன் என்றுதான் நான் வாயைத் திறந்தேன்.