கிழித்தெடுத்த பெயர்

ஊரில் இருந்தபோது, நாட்டின் முதலாவது ஜனாதிபதித் தேர்தலில் வாக்குப் போட்டுவிட்டு, ஒரு கிழமை சின்ன விரலில் துணி சுற்றிக்கொண்டு திரிந்தேன். தேர்தலைப் புறக்கணிக்கச் சொல்லி மதில்களில் எழுதியிருந்தார்கள். விரல் மையை ஆயுத இயக்கப் பெடியன்கள் கண்டுவிடுவார்களோ என்று பயம். கேட்டவர்களிடமெல்லாம் கத்தி வெட்டிவிட்டது என்றேன்.

அடுத்த தேர்தல் எங்களுடையதே அல்ல. டென்மார்க்கில், ஹொல்ஸ்டெப்ரோ பக்கத்து அகதி முகாமில் நாங்கள் இருந்தபோது அமெரிக்கர்கள் ஜனாதிபதியைத் தெரிவு செய்தார்கள். முகாமில் வேலை செய்த டேனிஷ் பெண் சாப்பாட்டு அறைச் சுவரில் ஒரு தாளை ஒட்டினாள். வெல்லப்போகிறவரின் கீழே அவரவர் பெயரை எழுத வேண்டும். சரியாகச் சொன்னவர்களுக்குக் கேக். பிழையாகச் சொன்னவர்கள் எல்லாருடைய கோப்பைகளையும் கழுவ வேண்டும்.

எங்கள் ஆட்கள் ஒருவர் தவறாமல் பதவியில் இருந்தவரின் பக்கமே எழுதினார்கள். எங்களுக்குத் தெரிந்தவரை அதுதான் உயிருக்கு நல்லது. எதிர்ப்பக்கத்தில் அவள் பெயர் மட்டும் தனியாக இருந்தது. எங்கள் ஆட்கள் மேல் எனக்கு எரிச்சல் வந்தது. போய் அவள் பெயருக்குக் கீழே என் பெயரை எழுதினேன்.

என் அறையில் இருந்த மூத்தவருக்கு முகம் வெளிறிவிட்டது.

"தம்பி, உனக்கென்ன விசரே? அகதி விசாரணைக்கு இன்னும் நாலு நாள் கிடக்கு. அந்தத் தாள் உன்ரை ஃபைலுக்குள்ள போனா?"

"இது பகிடிக்கு, அண்ணை."

"ஓம், பகிடிதான். திருப்பி பிளேனில ஏத்தேக்க சிரி."

அதோடு என் வீரம் போய்விட்டது. ஊரில் மறைப்பதற்கு ஒரு விரல்தான் இருந்தது. இங்கே முழுப்பெயரும் சுவரில் தொங்கியது. பின்னேரம் சாப்பாட்டு அறை காலியானதும், தாளில் என் பெயர் இருந்த துண்டை மட்டும் கிழித்து வாயில் போட்டு விழுங்கினேன்.

மறுநாள் காலைச் செய்தியில் பதவியில் இருந்தவரே வென்றிருந்தார். அவள் கேக்கோடு வந்து தாளைப் பார்த்தாள்.

"நேற்று என்னோடு இன்னொருவர் இருந்தாரே, யார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

எங்கள் நீளமான பெயர்கள் அவளுக்கு நினைவில் நிற்பதில்லை. நான் தரையைப் பார்த்தேன். அவள் கிழிந்த விளிம்பை விரலால் தடவினாள். மறுபடி கேட்கவில்லை.

அத்தனை கோப்பைகளையும் அவள் தனியாகக் கழுவினாள். நான் வென்றவர்களோடு இருந்து கேக் தின்றேன்.