விதைக்கம்பு

மார்பில் புற்றுநோய் என்று தெரிந்தபோது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. “கீமோ மருந்து கருமுட்டைகளை அழிச்சிடலாம். முன்னாடியே எடுத்து உறைய வச்சுக்கலாம்” என்றார் டாக்டரம்மா. பேச்சு அங்கே போனதுமே அப்பா எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டார்.

“உசுரு பொழைச்சா போதும். குமரிப்புள்ளகிட்ட பேசுத பேச்சா இது?” என்று அம்மா என்னை வெளியே இழுத்துவந்தாள்.

கருமுட்டை என்ற சொல்லை அப்பாவிடம் எப்படிச் சொல்வது?

“அப்பா, மழையில்லாத வருசம் நமக்குக் கஞ்சிக்கே வழியில்ல. அப்பவும் விதைக்கம்புல கை வைக்க நீங்க விடலையே” என்றேன்.

என்னையே பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். “எம் மக சொல்லுதபடி செஞ்சிருங்கம்மா.”

சிகிச்சை முடிந்து, எனக்குத் தலைமுடியும் வளர்ந்துவிட்டது. குழந்தை பிறக்குமா, தெரியாது. போன வாரம் விதைக்கம்பை வெயிலில் காயப்போட்ட அப்பா, என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்:

“ஏட்டி, ஆஸ்பத்திரில அத பத்திரமா வச்சிருப்பாவல்லா?”